ஒரு கடையை வைத்து டிஜிட்டல் மார்க்கெட்டிங் கற்பது எப்படி?

கல்லூரியில் படித்துக்கொண்டே டிஜிட்டல் மார்க்கெட்டிங் கற்க நினைக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் தொடங்குகிறார்கள். யூடியூபில் வீடியோ பார்க்கிறார்கள், ஆன்லைன் கோர்ஸில் சேர்கிறார்கள், சான்றிதழ் வந்ததும் லிங்க்டுஇன்னில் போடுகிறார்கள். நேர்முகத் தேர்வில் "நீங்கள் நடத்திய ஒரு கேம்பெய்னைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. எஸ்.இ.ஓ. என்றால் என்னவென்று தெரியும். ஒரு பக்கத்தைக்கூடத் தேடலில் மேலே கொண்டுவந்து பார்த்ததில்லை.

இந்தத் தொழிலுக்கு அடிப்படைத் திறமைகள் இரண்டு. வாங்க நினைப்பவர் என்ன சொல்லித் தேடுகிறார் என்று கண்டுபிடிப்பது ஒன்று. நாம் ஒரு வேலையைச் செய்த பிறகு என்ன நடந்தது என்று கணக்குப் பார்ப்பது இன்னொன்று. உண்மையான சரக்கும் உண்மையான வாடிக்கையாளரும் எதிரே இருந்தால்தான் இவை கைவரும். அதனால் முதலில் ஒரு கடை. பாடம் அதன் பின்னால் வரட்டும்.

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923-இல் 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற நூலை வெளியிட்டார். விளம்பரத்தோடு கூப்பன் வைத்து, எந்தத் தலைப்புக்கு எத்தனை கூப்பன் திரும்பி வந்தது என்று எண்ணிப் பார்த்து அடுத்த விளம்பரத்தை எழுத வேண்டும் என்பது அவர் வாதம். அந்தச் சோதனைக்கு அன்று பத்திரிகையில் இடம் வாங்கும் வசதி வேண்டியிருந்தது. இன்று ஒரு செல்போனும் சில நூறு ரூபாயும் போதும்.

1. கடையைத் தேர்ந்தெடுங்கள்

உங்களுக்குத் தெரிந்தவர் நடத்தும் சிறிய தொழிலாக இருக்கட்டும். அத்தையின் தையல் கடை, பக்கத்துத் தெரு அண்ணனின் இருசக்கர வாகன மெக்கானிக் கடை, நண்பன் வீட்டு மிட்டாய்த் தயாரிப்பு என எதுவானாலும் சரி. மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். உரிமையாளர் வாரம் அரை மணி நேரமாவது உங்களோடு உட்காரத் தயாராக இருக்க வேண்டும். விற்பனைக் கணக்கை, துல்லியமாக இல்லாவிட்டாலும், உங்களிடம் சொல்ல வேண்டும். புதிதாக நாலு ஆர்டர் வந்தால் செய்துகொடுக்கும் திறன் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரைக்கு உதாரணமாகத் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்யும் ஒரு சிறு குடும்பத் தொழிலை வைத்துக்கொள்வோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயரே பொருளின் பெயராகிவிட்டதால் வெளியூர்க்காரர்களும் அதைத் தேடுகிறார்கள். பயிற்சிக்கு நல்ல சரக்கு.

முதல் சந்திப்பில் செல்போனை எடுக்காதீர்கள். நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கேளுங்கள்:

- இப்போது வாங்குபவர்கள் யார்? கடைக்கு வருபவர்களா, மொத்த வியாபாரிகளா, வெளியூரிலிருந்து போனில் கேட்பவர்களா?
- போனில் கேட்பவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள்?
- ஒரு கிலோ விற்றால் எல்லாச் செலவும் போகக் கையில் என்ன நிற்கும்?
- எந்த மாதம் வியாபாரம் அதிகம், எந்த மாதம் குறைவு?
- கூரியரில் எந்தெந்த ஊருக்கு அனுப்பியிருக்கிறீர்கள்? மிட்டாய் உடைந்து போனதுண்டா?

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வாடிக்கையாளரின் வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். "எத்தனை நாள் கெடாம இருக்கும்?", "வெல்லமா, சீனியா?", "சென்னைக்கு அனுப்புவீங்களா?" என்ற இந்தக் கேள்விகள்தான் பிறகு நீங்கள் எழுதப்போகும் பக்கத்தின் துணைத் தலைப்புகள், ரீல்ஸின் கருக்கள், விளம்பர வரிகள்.

2. தேடுபவரின் சொல்லைக் கண்டுபிடியுங்கள்

கூகுள் தேடல் பெட்டியில் பொருளின் பெயரைத் தட்டச்சு செய்து கொஞ்சம் நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் மற்றவர்கள் தேடியவற்றை ஒட்டி வருபவை. ஒவ்வொன்றையும் ஒரு கூகுள் ஷீட்டில் எழுதுங்கள். தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் அடித்து ஒரு முறை என மூன்று விதமாகத் தேடிப் பாருங்கள். நம்மவர்களில் பலர் மூன்றாவது விதமாகத்தான் தேடுகிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் கீவேர்டு தேடக் கற்றுத்தரும் பாடங்கள் இவர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை. தமிழ் தெரிந்த மாணவருக்கு இது பெரிய அனுகூலம்.

சொற்கள் சேர்ந்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேடுபவரின் நோக்கத்தை எழுதுங்கள். "கடலைமிட்டாய் செய்முறை" என்று தேடுபவர் வீட்டில் செய்யப் போகிறார். "கடலைமிட்டாய் நன்மைகள்" என்பவர் படிக்க வந்திருக்கிறார். "கோவில்பட்டி கடலைமிட்டாய் ஆன்லைன்", "கடலைமிட்டாய் 1 கிலோ விலை" என்பவர்கள் பணத்தோடு வந்திருக்கிறார்கள். கடைக்கு முதலில் வேண்டியவர்கள் இவர்கள்தான். இருபது சொற்களை இப்படிப் பிரித்துப் பாருங்கள். கீவேர்டு ஆய்வின் பாதி புரிந்துவிடும்.

பிறகு கூகுள் டிரெண்ட்ஸுக்குப் போங்கள். அது காட்டும் 0 முதல் 100 வரையிலான எண், தேடியவர்களின் எண்ணிக்கை இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் உச்சமாக இருந்த நேரத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. ஐந்தாண்டு வரைபடத்தை எடுத்து, உரிமையாளர் சொன்ன நல்ல மாதங்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடத்தில் அவரிடமே காரணம் கேளுங்கள். தரவையும் கடைக்காரரின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து தொடங்கும்.

3. வரைபடத்தில் கடையை ஏற்றுங்கள்

பணம் செலவில்லாமல் விரைவில் பலன் தெரியும் இடம் கூகுள் பிசினஸ் புரொஃபைல். கூகுள் மேப்பில் கடையின் பெயர், நேரம், போன் எண், படங்கள் தெரிவது இதன் வழியாகத்தான். கணக்கு உரிமையாளரின் பெயரில் இருக்கட்டும். நீங்கள் மேனேஜராகச் சேர்ந்துகொள்ளுங்கள். சரிபார்ப்புக்குக் கடையையும் பெயர்ப்பலகையையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

கவனிக்க வேண்டியவை:

- பெயர்ப் பகுதியில் பலகையில் உள்ள பெயர் மட்டுமே. "சிறந்த கோவில்பட்டி கடலைமிட்டாய் மொத்த விற்பனை" என்று கீவேர்டுகளைத் திணிப்பது கூகுள் விதிக்கு எதிரானது, பதிவே முடக்கப்படலாம்.
- வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். எந்தத் தேடலில் கடை தெரியும் என்பதை முடிவு செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.
- படங்களை நீங்களே எடுங்கள். வறுத்த கடலை, கொதிக்கும் வெல்லப்பாகு, தட்டில் பரப்பி வெட்டும் கை, பொட்டலம், கடை முகப்பு. இணையத்தில் எடுத்த படம் வேண்டாம்.
- விமர்சனம் கேட்கலாம்; அதற்காகத் தள்ளுபடியோ இலவசமோ தரக் கூடாது. வந்த ஒவ்வொன்றுக்கும், குறை சொன்னவருக்கும், பெயர் சொல்லிப் பதில் எழுதுங்கள்.

பதிவின் செயல்திறன் பகுதியில் எத்தனை பேர் பார்த்தார்கள், போன் செய்தார்கள், வழி கேட்டார்கள் என்ற எண்கள் இருக்கும். வேலை தொடங்கிய நாளிலேயே அவற்றைக் குறித்து வையுங்கள். தொடக்க எண் இல்லாவிட்டால், பிற்பாடு எதையும் நிரூபிக்க முடியாது.

4. ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

பெரிய இணையதளம் வேண்டாம். பிளாக்கர் போன்ற இலவசத் தளத்தில் ஒரு பக்கம் போதும். வாங்க வருபவருக்கு வேண்டிய அனைத்தும் அதில் இருக்கட்டும்: என்ன பொருள், என்ன சேர்க்கிறார்கள், எடை, விலை, எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம், எந்த ஊருக்கு எத்தனை நாளில் சேரும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) எண், வாட்ஸ்அப் பொத்தான்.

பக்கத்தை கூகுள் சர்ச் கன்சோலில் சேர்த்துவிடுங்கள். மாணவர் தினமும் திறந்து பார்க்க வேண்டிய கருவி ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். தேடலில் உங்கள் பக்கம் எத்தனை முறை தெரிந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், எந்தச் சொல்லுக்கு, சராசரியாக எந்த இடத்தில் என்று 16 மாதத் தரவைச் சேர்த்து வைத்துக் காட்டும்.

ஒரு பயிற்சியைப் பார்ப்போம். ஒரு குறிப்பிட்ட சொல்லுக்கு 28 நாளில் உங்கள் பக்கம் 1,000 முறை தெரிந்திருக்கிறது. 20 பேர் உள்ளே வந்திருக்கிறார்கள். கிளிக் விகிதம் 2 சதவீதம். சராசரி இடம் 6. முதல் பக்கத்திலேயே தெரிந்தும் ஆள் வரவில்லை என்றால் தலைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இப்போதைய தலைப்பு "முகப்பு – எங்கள் மிட்டாய் கடை" என்று இருக்கிறது. வாங்க வந்தவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. "கோவில்பட்டி கடலைமிட்டாய் 1 கிலோ – வெல்லத்தில் செய்தது, தமிழ்நாடு முழுக்க டெலிவரி" என்று மாற்றுங்கள். பொருள், அளவு, செய்முறை, டெலிவரி என வாங்குபவர் கேட்ட நான்குக்கும் தேடல் பக்கத்திலேயே பதில் கிடைத்துவிடுகிறது.

தலைப்பை மாற்றிய தேதியை எழுதி வைத்துவிட்டு, அடுத்த 28 நாளுக்கு வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு சர்ச் கன்சோலின் ஒப்பிடும் வசதியில் முந்தைய 28 நாளையும் பிந்தைய 28 நாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பக்கத்தின் இடம் மாறாமல் கிளிக் விகிதம் மட்டும் கூடியிருந்தால் தலைப்பு வேலை செய்கிறது என்று நம்பலாம். அந்த 28 நாளுக்குள் தீபாவளி வந்திருந்தால் அதையும் குறியுங்கள். கூட்டம் பண்டிகைக்கும் வந்திருக்கும். ஒரே நேரத்தில் தலைப்பு, படம், விலை மூன்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

5. ஐந்நூறு ரூபாயில் விளம்பரம் கற்பது

கூகுள் ஆட்ஸில் தேடல் விளம்பரம் ஒன்றை நடத்திப் பாருங்கள். முன்பணம் கட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள். தினசரி பட்ஜெட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள்: ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்று வைத்தால் சில நாள் 200 வரை செலவாகலாம், மாதக் கணக்கில்தான் அது 30.4 மடங்குக்குள் நிற்கும்.

கேம்பெய்ன் அமைக்கும்போது தேடல் கூட்டாளித் தளங்கள், டிஸ்பிளே நெட்வொர்க் ஆகிய இரண்டும் முன்கூட்டியே தேர்வாகி இருந்தால் எடுத்துவிடுங்கள். இடத்தில் "அந்த ஊரில் இருப்பவர்கள்" என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொற்களை, நெருங்கிய தேடல்களுக்கு மட்டும் விளம்பரத்தைக் காட்டும் ஃபிரேஸ் மேட்ச் அல்லது எக்ஸாக்ட் மேட்சில் கொடுங்கள். "செய்முறை", "ரெசிபி", "எப்படி செய்வது" ஆகியவற்றை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் காட்டக் கூடாத சொற்களாக, சேருங்கள். வீட்டில் மிட்டாய் கிண்டப் போகிறவர் கிளிக் செய்தாலும் காசு உங்களுடையது. விளம்பரம் ஓடும் நாட்களில் தினமும் தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்து, பொருந்தாத சொற்களை நீக்கிக்கொண்டே வாருங்கள். ஐந்நூறு ரூபாய்க்கு நீங்கள் வாங்கும் உண்மையான பாடம் அந்த அறிக்கைதான்.

இனி கணக்கு. புரிவதற்காக வைத்த எண்கள் இவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 500 ரூபாய் செலவு; கிளிக்குக்கு 5 ரூபாய்; 100 பேர் வந்தார்கள்; 4 பேர் ஆர்டர் செய்தார்கள். ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 125 ரூபாய். சரக்கு, பொட்டலம், கூரியர் எல்லாம் போக ஓர் ஆர்டரில் நிற்பது 90 ரூபாய். ஆர்டருக்கு 35 ரூபாய் நட்டம்.

பலர் இங்கே "விளம்பரம் வேலை செய்யவில்லை" என்று மூடிவிடுகிறார்கள். மார்க்கெட்டிங் தெரிந்தவர் இங்கேதான் தொடங்குவார். பக்கத்தைச் சீராக்கி அதே 100 பேரில் 6 பேரை வாங்க வைத்தால், ஆர்டருக்கு விளம்பரச் செலவு சுமார் 83 ரூபாயாகி லாபத்துக்குள் வந்துவிடும். அல்லது, வாங்கிய 4 பேரில் 2 பேர் அடுத்த மாதம் விளம்பரம் இல்லாமலே மறுபடி வாங்கினால், மொத்தம் 6 ஆர்டரில் 540 ரூபாய் நின்று, செலவு போக 40 ரூபாய் மிஞ்சும். இன்னொரு வழி, எள்ளுமிட்டாயையும் சேர்த்து ஒரே பெட்டியாக விற்று ஆர்டரின் மதிப்பைக் கூட்டுவது. எந்த வழி நடக்கும் என்று உரிமையாளரோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டத் தெரிந்த மாணவர், எந்த ஏஜென்சியின் நேர்முகத் தேர்வுக்கும் தைரியமாகப் போகலாம்.

போட்டியாளர்களின் விளம்பரங்களைப் பார்க்கவும் வழி இருக்கிறது. மெட்டா ஆட் லைப்ரரியில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் இப்போது ஓடும் விளம்பரங்களை யாரும் பார்க்கலாம். கூகுளின் விளம்பரங்களுக்கு ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர் உண்டு. பல வாரமாக ஒரே விளம்பரத்துக்குப் பணம் கட்டுகிறார்கள் என்றால் அது அவர்களுக்குப் பலன் தந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

6. ரீல்ஸும் வாட்ஸ்அப்பும்

ரீல்ஸில் லைக் எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம். எத்தனை பேர் சேமித்தார்கள், பகிர்ந்தார்கள், விலை கேட்டுச் செய்தி அனுப்பினார்கள் என்று பாருங்கள். முதல் சந்திப்பில் எழுதிக்கொண்ட கேள்விகளுக்கு ஒன்றுக்கு ஒரு ரீல் எடுத்தால் ஒரு மாதத்துக்கு விஷயம் கிடைத்துவிடும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கேட்டலாக், லேபிள், விரைவுப் பதில் மூன்றையும் பயன்படுத்துங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம்; கடையின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் அனுமதி கேட்டுச் சேருங்கள். மேலே பார்த்த கணக்கில் திரும்பி வரும் இரண்டு பேரைக் கொண்டுவருவது இந்தப் பட்டியல்தான்.

7. பாடங்களை எப்போது, எதற்காகப் படிப்பது

வேலையில் ஒரு கேள்வி எழும்போது அதற்கான பாடத்தைத் திறங்கள். விளம்பரம் அமைக்கும் வாரத்தில் கூகுள் ஸ்கில்ஷாப்பின் தேடல் விளம்பரப் பாடம்; பக்கம் எழுதும் வாரத்தில் கூகுளே வெளியிட்டுள்ள எஸ்.இ.ஓ. தொடக்க வழிகாட்டி; மின்னஞ்சல், உள்ளடக்கம் பற்றி ஹப்ஸ்பாட் அகாடமி; இன்ஸ்டாகிராமுக்கு மெட்டா புளூபிரிண்ட். இவற்றில் இலவசமாகவே நிறையப் படிக்கலாம். ஸ்கில்ஷாப்பில் கூகுள் ஆட்ஸ் சான்றிதழ்த் தேர்வுக்கும் கட்டணம் இல்லை. 80 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் ஓராண்டு செல்லும். தமிழ்நாட்டுக் கல்லூரியில் படிப்பவர்கள், 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன பயிற்சி வந்திருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

தளத்துக்கு வருபவர்களை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் கற்க உங்கள் பக்கத்தின் கூட்டம் போதாது. கூகுள் மெர்ச்சண்டைஸ் ஸ்டோர் என்ற உண்மையான கடையின் தரவை டெமோ கணக்காக எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். அதில் "எந்த வழியில் வந்தவர்கள் அதிகம் வாங்கினார்கள்?" என்ற ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் வீடியோக்களின் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் ஆட்ஸின் பழைய பெயரான "ஆட்வேர்ட்ஸ்" 2018-இல் போனது. "கூகுள் மை பிசினஸ்" 2021-இல் பிசினஸ் புரொஃபைல் எனப் பெயர் மாறியது. அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை எடுப்பதை நிறுத்திவிட்டது. இந்தப் பெயர்களை வைத்துப் பாடம் நடத்தும் வீடியோவில் கொள்கை சரியாக இருக்கலாம். அதில் வரும் திரையை உங்கள் கணினியில் தேடினால் கிடைக்காது. பணம் கட்டிச் சேரும் கோர்ஸுக்கும் இதே சோதனையை வையுங்கள்.

ஏஐ கருவிகளைத் தலைப்பு யோசிக்கவும் ஷீட்டில் சூத்திரம் எழுதவும் தயங்காமல் பயன்படுத்துங்கள். பொருளைப் பற்றிய தகவலை மட்டும் உரிமையாளரிடம் கேட்டே எழுதுங்கள். "ரத்தசோகையைக் குணப்படுத்தும்" என்று கருவி எழுதித் தந்தால் அதை வெளியிடுவது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது.

8. செய்யக் கூடாதவை

- பொய்யான அல்லது திசைதிருப்பும் விளம்பரத்துக்கு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.
- புவிசார் குறியீட்டை எல்லோரும் போட்டுக்கொள்ள முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனராக உரிமையாளர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்ட பிறகே பக்கத்தில் எழுதுங்கள்.
- போன் எண் பட்டியலை விலைக்கு வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் ஒருவரின் தகவலைப் பயன்படுத்துவதைத் தடுக்க 2023-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.
- ஃபாலோயர்களையும் விமர்சனங்களையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். எண் கூடும், ஆர்டர் கூடாது. உங்கள் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

9. பன்னிரண்டு வாரத் திட்டம்

- வாரம் 1: கடையைத் தேர்ந்து, உரிமையாளரோடு பேசி, தொடக்க எண்களைக் குறிப்பது.
- வாரம் 2: தேடல் சொற்கள், நோக்கம் பிரித்தல், டிரெண்ட்ஸ்.
- வாரம் 3: பிசினஸ் புரொஃபைல்.
- வாரம் 4: பக்கம் எழுதுதல், சர்ச் கன்சோல்.
- வாரம் 5–8: ரீல்ஸ், வாட்ஸ்அப் பட்டியல். பக்கத்தில் கை வைக்காமல் தரவு சேரவிடுவது. டெமோ கணக்கில் அனலிட்டிக்ஸ் பயிற்சி.
- வாரம் 9–12: தலைப்பை மாற்றி 28 நாள் காத்திருந்து ஒப்பிடுதல். அதற்கிடையே, தனியாக ஒரு விளம்பரப் பக்கம் வைத்து ஐந்நூறு ரூபாய் விளம்பரமும் அதன் கணக்கும். சான்றிதழ்த் தேர்வு.

முடிவில் இரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதுங்கள். கடையின் நிலை என்னவாக இருந்தது, என்ன மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், எண்கள் எப்படி நகர்ந்தன, எது பலிக்கவில்லை, மறுபடி செய்தால் எதை வேறு மாதிரி செய்வீர்கள் என்ற ஆறு கேள்விகளுக்கும் பதில் இருக்கட்டும். உரிமையாளரின் அனுமதியோடு ஸ்கிரீன்ஷாட்களை இணைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழுக்கு மேலே இந்த அறிக்கையை வையுங்கள்.

அறிக்கையின் முதல் பிரதியைக் கடை உரிமையாளரிடம் கொடுத்து, அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுங்கள். அவர் "அப்ப இந்த மாசம் எதுக்குச் செலவு பண்ணலாம்?" என்று உங்களைக் கேட்கத் தொடங்கினால் நீங்கள் இந்தத் தொழிலுக்குள் வந்துவிட்டீர்கள். அடுத்த கடைக்குப் போகும்போது பயிற்சி மாணவராகப் போக வேண்டாம். உங்கள் வேலைக்கு ஒரு கட்டணம் சொல்லுங்கள்.